அந்த 48 நொடிகள்

திங்கட்கிழமை நான் எழுதிய பதிவைப் படித்தவர்களுக்கு நடந்தது தெரியும். படிக்காதவர்களுக்கு ஒரே வரி: போன சனி, ஞாயிறு இங்கே அமெரிக்காவில் நடந்த சைக்கிள் பந்தயத்தில், பெண்கள் கூட்டத்தைவிட 48 நொடி முன்னால் ஓடிக்கொண்டிருந்த எங்கள் மூன்று பேரை, ஆண்களுக்கு வழிவிட நிறுத்தி, பிறகு கூட்டத்தோடு சேர்த்தே கிளப்பினார்கள். முழுக் கதையையும் மறுபடி சொல்லப்போவதில்லை. ஆனால் அதன் கீழே ஓர் அண்ணா, நான் மதிக்கிறவர், எழுதிய ஒரு பின்னூட்டம் மூன்று நாட்களாக என் நெஞ்சில் முள்ளாகக் கிடக்கிறது. "சனி, ஞாயிறு பொழுதுபோக்காக ஓட்டுகிற சைக்கிளுக்கு 48 நொடி அவ்வளவு பெரிய விஷயமாம்மா? பத்திரமாக வீடு வந்து சேர்ந்தாயே, அது போதாதா?" இதற்கு நூறு பேருக்கு மேல் விருப்பம் தெரிவித்திருக்கிறார்கள். என் சொந்தக்காரர்களும் அதில் இருக்கிறார்கள்.

ஆமாம் அண்ணா, பெரிய விஷயம்தான்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். எங்களை நிறுத்தியது தவறு என்று நான் எங்கும் எழுதவில்லை. பின்னால் ஆண்கள் பிரிவின் பெருங்கூட்டம் வேகமாக வந்துகொண்டிருந்தது, சாலை குறுகலானது, இறக்கம் வேறு. நிறுத்தத்தான் வேண்டும். நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: நிறுத்தும்போது எங்களிடம் இருந்த 48 நொடிகளை, மறுபடி கிளப்பும்போது ஏன் திருப்பித் தரவில்லை?

எங்களுடையது கட்டப் பந்தயம். அப்படியென்றால் என்ன என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரே நாளில் முதலில் வந்தவர் வென்றார் என்று முடிகிற பந்தயம் அல்ல இது. சனி காலை தனியாகக் கடிகாரத்தோடு ஓட்டம். சனி மாலை ஊர்த் தெருக்களில் சுற்றுப் பந்தயம். ஞாயிறு மலைச்சாலையில் நீண்ட ஓட்டம். மூன்றிலும் ஆன நேரத்தைக் கூட்டுவார்கள். மொத்தத்தில் யாருக்குக் குறைவோ அவருக்கே வெற்றி. ஆகவே இந்த விளையாட்டில் நொடிதான் காசு. இரண்டு நாளும் ஒவ்வொரு நொடியாகச் சேர்க்கிறோம், ஒவ்வொரு நொடியாக இழக்கிறோம். 2024ஆம் ஆண்டு பெண்கள் டூர் டி பிரான்ஸ் பந்தயத்தை போலந்தின் காசியா நெவியாடோமா எத்தனை நொடியில் வென்றார் தெரியுமா? எட்டுக் கட்டங்கள் ஓடி, கடைசியில் ஆல்ப் டுவெஸ் மலையேறி முடித்தபோது, டெமி வோலரிங்கைவிட அவர் முன்னால் இருந்தது 4 நொடி. நாலே நாலு நொடி. அதைப் பார்த்து அவ்வளவு பெரிய விஷயமா என்று யாரும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை நான் மொத்த நேரத்தில் நான்காம் இடத்தில் இருந்தேன். முதலிடத்துக்கும் எனக்கும் இடையே 31 நொடி. இரண்டாம் சுற்றின் ஏற்றத்தில் நானும் இன்னும் இரண்டு பேரும் கூட்டத்தைவிட்டுப் பிரிந்தோம். ஒருவர் வியாழக்கிழமை இரவுப் பணி முடித்துவிட்டு வந்திருந்த செவிலியர். இன்னொருத்தி கல்லூரியில் படிக்கும் பெண். முன் அறிமுகமே கிடையாது. ஆனாலும் ஏற்றத்தின் உச்சியிலிருந்து மூவரும் மாறி மாறி முன்னால் போய் எதிர்க்காற்றைத் தாங்கினோம். முன்னால் போகிறவர் காற்றைக் கிழித்துக்கொடுத்தால் பின்னால் வருகிறவருக்கு உழைப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மிச்சம். அதனால்தான் மூன்று பேர் சேர்ந்து ஒரு கூட்டத்திடமிருந்தே தப்பிக்க முடியும்.

அப்போது மோட்டார் சைக்கிளில் நடுவர் எங்கள் பக்கத்தில் வந்தார். மடியில் ஒரு சின்னக் கரும்பலகை. அதில் சாக்பீஸால் பெரிதாக 48 என்று எழுதி எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். எட்டின் கீழ்வட்டம் பலகையின் ஓரத்தில் நசுங்கியிருந்தது. இந்த எண் என் கணக்கு அல்ல. அவர்களே அளந்து, அவர்களே எழுதிக் காட்டியது. 48. மொத்த நேரத்தில் என்னைவிட 31 நொடி முன்னால் இருந்தவர், எங்களுக்கு 48 நொடி பின்னால் வந்த கூட்டத்தில் இருந்தார். கணக்கு எல்லோருக்கும் வரும் என்று நினைக்கிறேன்.

ஐந்து நிமிடம் கழித்து அதே நடுவர் கை காட்டி நிறுத்தினார். ஓரமாக நின்றோம். எங்கள் கூட்டம் வந்து எங்களுக்குப் பின்னால் நின்றது. ஏற்றத்தில் பின்தங்கிப்போனவர்களும் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். ஆண்கள் கடந்து போனார்கள். ஆறு நிமிடம். வியர்வை முதுகில் குளிர்ந்து, தொடை இறுகிப்போன ஆறு நிமிடம். பிறகு அவர் கையுறையால் பலகையைத் துடைத்துவிட்டு "எல்லோரும் சேர்ந்து கிளம்பலாம்" என்றார். இடைவெளி என்ன ஆயிற்று என்று செவிலியர் கேட்டார். பதில் இல்லை. மோட்டார் சைக்கிள் கிளம்பிவிட்டது.

மூன்றாம் ஏற்றத்தில் மறுபடி முயன்றேன். கால் வரவில்லை. கூட்டத்தோடு கூட்டமாக முடித்தேன். மொத்தத்தில் நான்காம் இடம். மேடை மூன்று பேருக்கு.

"நீ வேகமாக இருந்திருந்தால் மறுபடியும் பிரிந்திருப்பாய்" என்று ஒருவர் எழுதியிருந்தார். ஐயா, ஒரு தடவை சம்பாதித்த பணத்தைப் பறிகொடுத்தவனிடம், உனக்குத் திறமை இருந்தால் மறுபடி சம்பாதித்திருப்பாய் என்று சொல்வீர்களா?

இதற்கு விதியே இல்லை என்றால் என் வாயை மூடிக்கொள்வேன். சர்வதேச சைக்கிள் ஒன்றியத்தின் சாலைப் பந்தய விதிகளில் ரயில்வே கேட்டுக்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. பிரிந்து முன்னால் ஓடுகிறவர்கள் 30 நொடிக்கு மேல் இடைவெளி வைத்திருந்து, மூடிய கேட்டில் மாட்டிக்கொண்டு, பின்னால் வந்த கூட்டம் அவர்களைப் பிடித்துவிட்டால், பந்தயத்தை நிறுத்தி அதே இடைவெளியோடு மறுபடி விடவேண்டும். ரயிலுக்கே இந்த நியாயம். எங்களை நிறுத்தியது ரயில்கூட அல்ல, நடுவரின் கை. எங்களிடம் இருந்தது 48. முப்பதைவிடப் பெரிய எண். எங்கள் பந்தயம் அந்த ஒன்றியம் நடத்தும் பந்தயம் அல்ல, உள்ளூர்ப் பந்தயம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நியாயம் எதுவென்று தெரிந்துகொள்ள உலகப் பந்தயம் வேண்டுமா? ஒருவர் கடிகாரத்தைப் பார்த்து, மூன்று பேரை முதலில் விட்டு, 48 வரை எண்ணிவிட்டு, மற்றவர்களை விட்டிருந்தால் போதும். ஒரு நிமிடம்கூட ஆகாத வேலை.

அந்த ஒரு நிமிடத்துக்குக்கூட எங்களுக்குத் தகுதியில்லை என்று நினைத்ததுதான் வலிக்கிறது.

பெரிய இடத்திலும் இது நடந்திருக்கிறது. 2019 மார்ச்சில் பெல்ஜியத்தின் ஓம்லூப் பந்தயத்தில் ஸ்விட்சர்லாந்தின் நிக்கோல் ஹன்சல்மன் தனியாகப் பிரிந்து ஓடினார். பத்து நிமிடம் முன்னால் கிளம்பிய ஆண்கள் பந்தயத்தின் வண்டிகளையே நெருங்கிவிட்டார். உடனே பெண்கள் பந்தயத்தை நிறுத்தினார்கள். மறுபடி ஓட்டம் தொடங்கியபின் அவர் பிடிபட்டார், 74ஆம் இடத்தில் முடித்தார். எங்களை ஆண்கள் பின்னாலிருந்து நெருங்கினார்கள், அவர் ஆண்களைப் பின்னாலிருந்து நெருங்கினார். எப்படியானாலும் நின்றது பெண்கள்தான்.

பாதுகாப்பு, பாதுகாப்பு என்று எழுதுகிறவர்கள் இதற்கும் பதில் சொல்லட்டும். ஆண்கள் எங்களுக்குப் பின் பத்து நிமிடத்தில் அதே சுற்றில் கிளம்புகிறார்கள், இரண்டாம் சுற்றில் எங்களைப் பிடிப்பார்கள் என்பது அட்டவணை போட்டவருக்குத் தெரியாதா? அவர்களை முதலில் அனுப்பியிருக்கலாம். எங்களுக்கு அரை மணி நேரம் முன்னால் கொடுத்திருக்கலாம். பாதுகாப்பை முதல் நாளே காகிதத்தில் யோசித்திருந்தால் சாலையில் யாரையும் நிறுத்தவேண்டி வந்திருக்காது.

"பெண்கள் பத்தொன்பது பேர்தானே வந்தீர்கள்" என்பவர்களுக்கு: நுழைவுக் கட்டணத்தில் பத்தொன்பது பேர் என்று தள்ளுபடி தரவில்லை.

"ஊரில் பெண்களுக்கு எத்தனை கொடுமை நடக்கிறது, நீ அமெரிக்காவில் உட்கார்ந்து சைக்கிளுக்கு அழுகிறாய்" என்று உள்பெட்டியில் எழுதியவருக்கு நான் பதில் எழுதவில்லை. எழுதமாட்டேன்.

ஆனால் அண்ணா, உங்கள் பின்னூட்டத்தில் "பொழுதுபோக்கு" என்ற சொல்லைவிட என்னைக் குத்தியது "பத்திரமாக" என்ற சொல்.

எங்கள் ஊர் புதுக்கோட்டைப் பக்கம். 1992இல் அறிவொளி இயக்கத்தில் பெண்கள் படிக்கவும் சைக்கிள் ஓட்டவும் கற்றுக்கொண்டபோது என் அம்மாவும் கற்றுக்கொண்டார். அங்கன்வாடியில் வேலை, ஏழு கிலோமீட்டர், ஒரு நாளைக்கு இரண்டே பஸ். அந்த நாளில் பல பெண்கள் ஆண்கள் சைக்கிளையே வாங்கினார்கள், குறுக்குக் கம்பியில் பிள்ளையை உட்காரவைக்கலாம் என்று. எங்கள் அம்மாவுடையதும் அதுதான். கம்பியில் ஒரு பழைய துண்டைச் சுற்றிச் சணல் கயிற்றால் கட்டியிருப்பார். நாலு வயதில் நான் அதன்மேல் உட்கார்ந்து போவேன். மேடு வந்தால் அம்மாவின் மூச்சு என் உச்சந்தலையில் சூடாகப் படும். டீக்கடை வரிசையைத் தாண்டும்போது "எதற்கு இந்த வேலை, பத்திரமாக வீட்டில் இருக்கலாமே" என்று ஒருவராவது சொல்லாமல் இருக்கமாட்டார். அம்மா நிறுத்தி ஒரு நாளும் பதில் சொன்னதில்லை. மேடு ஏறும்போது நிறுத்தினால் மறுபடி மிதிக்க முடியாது.

நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருக்கிறீர்கள், தெரியும். அவர்களும் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்கள்.

குளிர்காலம் முழுவதும், வெளியே பனி கொட்டிக்கிடக்கும்போது, மகள் எழுவதற்குமுன் ஐந்து மணிக்கு வீட்டின் கீழ்த்தளத்தில் நிலைச் சைக்கிளில் மிதித்திருக்கிறேன். அலுவலகத்துக்கு நேரத்துக்குப் போயிருக்கிறேன். வீட்டில் யாருக்கும் ஒரு வேளைச் சாப்பாடு தவறியதில்லை. இதை ஏன் இங்கே எழுதுகிறேன் என்று எனக்கே கோபம் வருகிறது. அந்தப் பிரிவில் ஓடிய ஆண் ஒருவர்கூட வீட்டில் சமைத்துவைத்துவிட்டு வந்தேன் என்று சான்றிதழ் காட்டவேண்டியதில்லை. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில்கூடச் சாலைப் பந்தயம் ஆண்களுக்கு 273 கிலோமீட்டர், பெண்களுக்கு 158. உலகத்தின் மிகச் சிறந்த பெண்களுக்கே அளந்துதான் கொடுக்கிறார்கள். அளந்து கொடுத்ததற்குள் நாங்கள் ஓடிச் சேர்த்ததையாவது எங்களுக்கே விட்டுவையுங்கள் என்கிறேன். இது பேராசையா?

அமைப்பாளர்களிடமிருந்து செவ்வாயன்று பதில் வந்தது. முடிவில் மாற்றமில்லை, வார இறுதி மகிழ்ச்சியாக இருந்திருக்கும் என்று நம்புகிறோம் என்று இரண்டு வரி. இடைவெளியைப் பற்றி ஒரு சொல் இல்லை.

நேற்று இரவு அம்மா கூப்பிட்டார். நான்காம் இடம் என்றதும் "மூன்று பேருக்குத்தானே பரிசு" என்றார். நடந்ததைச் சொன்னேன். பத்திரமாக இருக்கிறாயா என்று அம்மா கேட்கவில்லை. "பலகையில் எழுதிக் காட்டினார்கள் என்கிறாயே, அதை யாராவது படம் எடுத்தார்களா?" என்றார்.

கல்லூரிப் பெண்ணின் சைக்கிளில் கேமரா இருந்திருக்கிறது. இன்று காலை பதிவை அனுப்பிவைத்தாள். 48 தெளிவாகத் தெரிகிறது. கையுறையால் துடைப்பதும் தெரிகிறது. மூவரும் கையெழுத்திட்டு அதோடு இரண்டாவது கடிதத்தை மதியம் அனுப்பிவிட்டோம்.