நகல் படம் என்றால் மட்டமா?

பழைய கட்டடக்கலைப் படங்களின் மறுபதிப்புகளைச் சேர்க்கிறேன் என்று சொன்னால், இங்கே மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் நம் ஆட்கள் கேட்கும் முதல் கேள்வி, "அசலா?" இல்லை என்றதும் முகம் மாறிவிடும். எனக்கு இதில் உடன்பாடே இல்லை.

இத்தாலியக் கலைஞர் பிரானேசியை எடுத்துக்கொள்ளுங்கள். ரோமாபுரியின் இடிபாடுகளைச் செப்புத் தகட்டில் கீறி, அமிலத்தில் அரிக்கவிட்டு, தாளில் அச்சடித்து, ஊர் பார்க்க வந்தவர்களுக்கு விற்றவர். 1778இல் அவர் இறந்த பிறகும் பிள்ளைகள் அதே தகடுகளில் அச்சடித்தார்கள். பல பேர் வீட்டுக்குப் போக வேண்டும் என்றே பிறந்த கலை அது. பிற்காலத்து ஆப்செட் (இயந்திர அச்சு) பிரதியை வாங்கி மாட்டுவதில் என்ன கேவலம்?

என்னிடம் இருப்பதில் எனக்கு உயிர், தஞ்சைப் பெரிய கோயில் படம்தான். ஆங்கிலேய ஓவியர் தாமஸ் டேனியலும் அவர் சகோதரர் மகன் வில்லியமும் 1792இல் தென்னாடு சுற்றி வரைந்தவற்றில் ஒன்று. 1798இல் லண்டனில் அச்சானது. அசலில் வானத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால், பிசின் பொடி தூவி அரித்த பொடிப்பொடியான, ஒழுங்கில்லாத மணிகள் தெரியும். என் பிரதியில் வரிசை பிசகாத புள்ளிகள். சரி, இருக்கட்டுமே! இரண்டடி தள்ளி நின்றால் புள்ளி மறைந்து விமானம் எழுந்து நிற்கிறது. எங்கள் பாட்டி தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து இங்கே ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்ட வந்தவர், திரும்பிப் போகவே இல்லை. இப்படி ஒரு படம் அவருடைய லயத்து வீட்டுச் சுவரில் இருந்திருக்கக் கூடாதா என்று நினைக்காத நாளில்லை. அசலை எந்தத் தோட்டத்து வீடு வாங்கியிருக்கும்?

இந்தப் படங்களோடு பழகினால் கண்ணும் திறக்கும். ஆங்கிலேயக் கட்டடக்கலைஞர் ஹப்பாக் வடிவமைத்து 1917இல் முடிந்த ஈப்போ ரயில் நிலையத்தை எத்தனை தடவை கடந்திருப்போம்! ரோமானிய வளைவுகளைப் படத்தில் பார்த்த பிறகு, அந்த நிலையத்தின் வளைவும் குவிமாடமும் எந்த வழியாக இங்கே வந்தன என்று யோசிக்கத் தோன்றுகிறது.

எனக்குக் கோபம் வருவது வேறு இடத்தில். நகலைத் தேயிலைச் சாயத்தில் பழுப்பாக்கி "இருநூறு வருஷப் பழசு" என்று விற்கிறார்களே, அது மோசடி. படத்துக்காகப் பழைய புத்தகத்தைப் பிய்த்து ஏடு ஏடாக விற்பது அதைவிடக் கொடுமை.

வீட்டில் இப்படிப் படம் இருந்தால் கண்ணாடி தாளில் ஒட்டாதபடி இடைவெளி விட்டுச் சட்டம் போடுங்கள். நம் ஊர் ஈரத்துக்கு ஒட்டினால் பூஞ்சணம்தான். மழைச்சாரல் அடிக்கும் சுவரில் மாட்டாதீர்கள். பின்பக்கம் அச்சகத்தின் பெயரோ வருஷமோ இருந்தால் அதன்மேல் டேப் ஒட்டிவிடாதீர்கள். முடிந்தால் அதையும் ஒரு போட்டோ எடுத்துக் கீழே கருத்தில் போடுங்கள், சேர்ந்து பார்ப்போம்.