பழைய பாராளுமன்றத்தடியில் ஒரு ட்ரபிக்

(கொழும்பு. வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்குப் போகிற ஆட்டோ. காலிமுகத்திடல் முடிகிற இடத்தில் வாகனம் நகரவில்லை. பின்சீட்டில் யாழ்ப்பாணத்து ஓய்வுபெற்ற ரீச்சர்.)

டிரைவர்: இந்தா தெரியுது பாருங்க டீச்சர், தூண் தூணா. ஒல்லாந்தர் கட்டினது.

ரீச்சர்: ஆர் சொன்னது? 1930 ஜனவரியில ஆளுநர் ஸ்டான்லி திறந்து வைச்சவர். ஒல்லாந்தர் போய் நூறு வருசத்துக்கும் மேல!

டிரைவர்: மெதுவா டீச்சர். டூரிஸ்ட்மாருக்கு ஒல்லாந்தர்னு சொன்னாத்தான் டிப்ஸ் கூட வரும்.

ரீச்சர்: ஏறினவனே ஒல்லாந்துக்காரன் எண்டால்?

டிரைவர்: அவங்களுக்குப் போர்த்துக்கேயர்.

ரீச்சர்: நல்லாயிருக்கு! வடிவாக் கேளும். முதல் சட்டநிரூபண சபை. 1931 இல அரசாங்க சபை. 1947 இல பிரதிநிதிகள் சபை. 1972 இல தேசிய அரசுப் பேரவை. 1978 இல பாராளுமன்றம்.

டிரைவர்: எல்லாம் இதே கட்டடமா? போர்ட் எழுதினவன் மாடி வீடு கட்டியிருப்பான்.

ரீச்சர்: 1931 இல எங்கட பக்கம் தேர்தலையே பகிஷ்கரிச்சது. யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸின்ர வேலை. வடக்கில நாலு ஆசனம் 1934 மட்டும் வெறுமையாக் கிடந்தது.

டிரைவர்: நாலு சீட்டு வருஷக்கணக்கா காலியா? நூறாம் நம்பர் பஸ்ல தொங்கிட்டு வாறவங்ககிட்ட சொல்லிடாதீங்க, அழுதுருவாங்க.

ரீச்சர்: பகிடி விடாதையும். 1982 இல பாராளுமன்றம் ஸ்ரீ ஜயவர்தனபுரக் கோட்டேக்குப் போட்டுது. அடுத்த வருசம் இது ஜனாதிபதி செயலகம்.

டிரைவர்: அது தெரியும். 2022 போராட்டத்துல பொடியன்மார் இந்த வாசல மறிச்சுத்தானே கூடாரம் அடிச்சாங்க. எனக்கும் வர சரியான ஆசை.

ரீச்சர்: வந்தனீரோ?

டிரைவர்: எங்க டீச்சர்! பெற்றோல் இல்லன்னு கத்த வாறதுக்கும் பெற்றோல் வேணுமே. நான் ராப்பகலா பெற்றோல் ஷெட் லைன்ல நின்டேன்.

ரீச்சர்: முந்தி இந்தப் பக்கம் முழுக்கக் கடல், தம்பி. துறைமுக நகரத்துக்கெண்டு 269 ஹெக்டேர் நிரப்பிப்போட்டினம்.

டிரைவர்: கடலே தள்ளிப் போயிடுச்சு. முன்னால நிக்கிற லொறிதான் அசையுதில்ல.

ரீச்சர்: அதுசரி, மீட்டர் மட்டும் ஓடுதே!

டிரைவர்: நீங்க பாடம் நடத்திட்டிருந்தீங்க. குறுக்க பேசக்கூடாதுன்னு இருந்தேன்.

ரீச்சர்: படிப்பிச்சதும் நான், காசு தாறதும் நானோ?

டிரைவர்: டியூஷன் காச கழிச்சுக்கங்க டீச்சர். வெயிட்டிங் சார்ஜ மட்டும் தாங்க, வகுப்பு நேரம் கூடிப்போச்சு.