பேங்கில் இருப்பது யார் பணம்?

மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டப்புறப் பட்டணங்களில் செம்பனைச் சிறுதோட்டக்காரர் சங்கம் நடத்துகிறவர்களுக்கும் அதில் உறுப்பினராக இருப்பவர்களுக்கும் இதைச் சொல்ல வேண்டும். ஆண்டுக் கூட்டத்தில் "பேங்கில் எவ்வளவு இருக்கு?" என்று கேட்டுவிட்டுக் கணக்கை ஏற்றுக்கொள்வது ஆபத்து.

18,000 வெள்ளி இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதில் 14,500 கூட்டாக உரம் வாங்க உறுப்பினர்கள் கட்டிய முன்பணம். 900 அடுத்த ஆண்டுச் சந்தா. லோரி வாடகை 1,150 இன்னும் பாக்கி. கழித்தால் சங்கத்துக்கு மிஞ்சுவது 1,450 வெள்ளிதான்.

உரப் பணத்தில்தான் சங்கங்கள் சறுக்குகின்றன. மூட்டை 100 வெள்ளி என்று 145 மூட்டைக்கு வசூல் தொடங்கும். கடைசி ஆள் கட்டும்வரை காத்திருப்பதற்குள் கடைக்காரர் கொடுத்த விலையின் கெடு முடிந்து, மூட்டைக்கு 8 வெள்ளி ஏறிவிடும். 1,160 வெள்ளி துண்டு விழும். மறுபடி கேட்கக் கூச்சப்பட்டு, சந்தாப் பணத்தில் சரிக்கட்டுவார்கள். உரமே வாங்காத உறுப்பினர் அந்தச் சுமையை ஏற்கிறார். இது அநியாயம். சம்பளமில்லாமல் உழைக்கும் நேர்மையான பொருளாளர் மீது சந்தேகம் விழுவதும் இதனால்தான்.

விலையை எழுத்தில் வாங்குங்கள். அந்த விலை செல்லுபடியாகும் கடைசித் தேதிக்கு நான்கு நாள் முன்பே வசூலை மூடுங்கள். விலை ஏறினால் வித்தியாசம் வாங்குபவருடையது என்று ரசீதிலேயே அச்சிடுங்கள். உரத்துக்குத் தனி ரசீதுப் புத்தகம் வேண்டும். முடிந்தால் தனி வங்கிக் கணக்கு. கைப்பேசி வழி, பெயர் குறிப்பில்லாமல் 200 வெள்ளி வந்து கிடக்கும். சந்தாவா, உரமா, தெரியாது. உறுப்பினர் எண்ணைக் குறிக்கச் சொல்லி, மாதாமாதம் வங்கி அறிக்கையோடு ஒத்துப்பாருங்கள். லோரி வந்ததும் மூட்டைகளை எண்ணி, கிழிந்தது, கட்டிதட்டியது எத்தனை என்று லோரிக்காரர் தரும் சீட்டிலேயே எழுதிவிட்டுக் கையெழுத்து போடுங்கள்.

சந்தாவை முடிவுசெய்யும்போது, செலவை உண்மையில் கட்டுகிறவர் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். செலவு 2,160, பட்டியலில் 60 பேர், கட்டுவது 45 பேர் என்றால் சந்தா 36 போதாது, 48 வேண்டும்.

லாப நோக்கமில்லை, அதனால் வரிப் பேச்சே இல்லை என்று பலர் நம்புகிறார்கள். 1967 வருமான வரிச் சட்டத்தின் 53ஆவது பிரிவு, உறுப்பினர்களின் தொழில் நலனுக்காக நடக்கும் வணிகச் சங்கத்தை வியாபாரம் செய்வதாகவே கருதுகிறது. சந்தாவும் அதன் வருமானம். கட்ட வேண்டிய வரி ஒன்றுமில்லாமல் போகலாம், அதைக் காட்டவும் கணக்கு வேண்டும்.

1966 சங்கச் சட்டப்படி, ஆண்டுக் கூட்டம் முடிந்த 60 நாளுக்குள் ஆண்டறிக்கை சங்கப் பதிவிலாகாவுக்குப் போக வேண்டும். அதற்கு முன், "உறுப்பினருக்குத் திருப்பித் தரவேண்டிய உரப் பணம்" என்று ஒரு வரி கணக்கில் தனியாக இருக்கிறதா என்று கூட்டத்தில் எழுந்து கேளுங்கள்.