உடைந்த மட்டைக் கணக்கு

மரியானோ ரிவேரா பற்றிப் பேச்சு வந்தாலே எல்லோரும் 652-இல் போய் நிற்கிறார்கள். அமெரிக்க பேஸ்பாலில் பந்து வீசும் வேறு எந்தப் பிட்சருக்கும் அத்தனை ‘சேவ்’ கிடையாது. முன்னிலையில் இருக்கும் தன் அணிக்காகக் கடைசியில் இறங்கி, வெற்றியைக் காப்பாற்றிக் கொடுத்தால் கிடைப்பது அது. எனக்கென்னவோ அந்த எண்மீது அவ்வளவு மரியாதை இல்லை.

அணி மூன்று ரன் முன்னிலையில் இருக்கிறது. ஆட்டத்தை முடித்துவைக்கும் பிட்சரான குளோசர் கடைசி, அதாவது ஒன்பதாவது இன்னிங்ஸுக்கு வருகிறார். இரண்டு ரன் விட்டுக்கொடுத்து எப்படியோ ஆட்டத்தை முடிக்கிறார். அது ஒரு சேவ். ஒரே ரன் முன்னிலை, பேஸில் (ரன் எடுக்க ஓடிக் கடக்கும் நிலைகளில்) எதிரணி ஆட்கள், எட்டாவது இன்னிங்ஸிலேயே இறங்கிக் காப்பாற்றினால்? அதுவும் ஒரு சேவ்தான். 1969-இல் இந்தக் கணக்கு அதிகாரபூர்வமானது. ரிவேரா பனாமாவில் பிறந்ததும் அதே ஆண்டு, பாவம்.

சீசன் முடிந்து பட்டத்துக்காக நடக்கும் பிளேஆஃப் ஆட்டங்களைப் பாருங்கள். 141 இன்னிங்ஸில், ஃபீல்டிங் பிழையால் வந்தவை நீங்கலாக, அவர் கணக்கில் ஏறிய ரன்கள் வெறும் 11. நிலவில் நடந்தவர்கள்கூட 12 பேர்! அதிலும் பல இரவுகளில் இரண்டு இன்னிங்ஸ் வீசியிருக்கிறார்.

இத்தனைக்கும் பெரும்பாலும் ஒரே பந்துதான். கட்டர். 1997-இல் சக வீரர் ரமிரோ மெண்டோசாவோடு பந்து போட்டுப் பிடித்துக்கொண்டிருந்தபோது, அது தானாகவே விலக ஆரம்பித்ததாம். கோளாறு என்று நினைத்து முதலில் நேராக்கத்தான் பார்த்திருக்கிறார்கள். நல்லவேளை, முடியவில்லை. நேராக வருவதுபோல் வந்து, கடைசி நொடியில் இடதுகை ஆட்டக்காரரின் கைப்பக்கமாக உள்ளே வெட்டும். மட்டையின் தடித்த பகுதியில் படவேண்டியது கைப்பிடிக்கு மேலே படும். மட்டை உடையும். என்ன வரப்போகிறது என்று எதிரே நிற்பவருக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்ய?

சரி, 2001-க்கு வருகிறேன். அரிசோனாவுக்கு எதிரான உலகத் தொடர், அதாவது பட்டத்தை முடிவுசெய்யும் இறுதித் தொடர்; அதன் ஏழாவது, கடைசி ஆட்டம். ரிவேராவின் நியூயார்க் யாங்கீஸ் அணி 2-1 முன்னிலை. எட்டாவது இன்னிங்ஸில் ரிவேரா மூன்று பேரை ஸ்டிரைக் அவுட் செய்தார். ஒன்பதாவதில் எல்லாம் சரிந்தது. இரண்டாவது பேஸுக்கு அவரே தவறாக எறிந்தார், அதை மறைக்க வேண்டியதில்லை. அரிசோனாவின் டோனி வோமாக் அடித்த அடியில் ஆட்டம் சமன். ஆனால் லூயிஸ் கொன்சாலஸுக்கு வீசிய அந்தக் கடைசிப் பந்தைத் திரும்பப் பாருங்கள். கட்டர் தன் வேலையைச் சரியாகவே செய்தது. இடதுகைக்காரரின் மட்டை உடைந்தது. ரன்னைத் தடுக்க ஃபீல்டர்கள் முன்னால் நெருங்கி நின்றதால், சொத்தென்று எழும்பிய பந்து, இரண்டாவது மூன்றாவது பேஸ்களுக்கு நடுவே நிற்கும் ஷார்ட்ஸ்டாப் டெரெக் ஜீட்டரைத் தாண்டி விழுந்தது; அரிசோனாவுக்கு வெற்றி ரன். வழக்கமான இடத்தில் நின்றிருந்தால் கேட்ச். ஏட்டில் எழுதியதோ ‘கோட்டைவிட்ட சேவ்’, தோல்வி.

2013, அவருடைய கடைசி சீசன். போன ஊரிலெல்லாம் எதிரணிகள் விடைகொடுத்துப் பரிசு தந்தன. மின்னசோட்டா அணி உடைந்த மட்டைகளைக் கொண்டு ஓர் ஆடும் நாற்காலி செய்து கொடுத்தது. என்னைக் கேட்டால், இவர் கணக்கை ஒழுங்காக எழுதியவர்கள் அவர்கள்தான்.