பிள்ளைக்கு மட்டும் டயட்டா?

பையன் குண்டாயிட்டான்னு அவனுக்கு மட்டும் ராத்திரி ரெண்டு சப்பாத்தி, மத்தவங்களுக்கு பரோட்டா பார்சல், இப்படி நடக்குற வீடுங்க நம்ம ஊர்ல எக்கச்சக்கம். பத்து வயசுப் பிள்ளை சால்னா வாசனைய மோந்துகிட்டே சப்பாத்திய பிச்சுத் திங்கணும், எதிர்ல உக்காந்திருக்கிற அப்பா தொப்பைய பத்தி யாரும் வாயே திறக்க மாட்டாங்க. இது அந்தப் பிள்ளைக்கு செய்யுற அநியாயம்ங்க.

கேட்டா "எங்க பரம்பரை உடம்பு அப்படி"ம்பாங்க. பரம்பரை இருக்கு, இல்லன்னு சொல்லல. ஆனா தேசிய குடும்ப நல சர்வேய பாருங்க, 2015-16ல தமிழ்நாட்டுப் பொம்பளைங்கள்ல 30.9 சதவீதம் பேருக்கு எடை அதிகம், 2019-21ல அது 40.4. ஆம்பளைங்க 28.2ல இருந்து 37. இந்த நாலஞ்சு வருஷத்துல பரம்பரையா மாறிடுச்சு? சமையக்கட்டும் நம்ம நடமாட்டமும்தான் மாறிருக்கு. அமெரிக்காவுல 1997ல வந்த ஒரு ஆய்வு, அப்பா அம்மா குண்டா இருந்தா பத்து வயசுக்கு உள்ள இருக்கிற பிள்ளை பெரியவனானப்புறம் குண்டாகுற வாய்ப்பு ரெண்டு மடங்குக்கும் மேலன்னு சொல்லுது, பிள்ளை இப்ப ஒல்லியா இருந்தாலும் அதேதான். ஒரே ரத்தம்ங்கிறது மட்டும் இல்ல, ஒரே சட்டி ஒரே சோபாவும்தானே.

அம்மாக்கள குத்தம் சொல்ல வரல. விடியக்காலைல எழுந்து எல்லாருக்கும் டிபன் பாக்ஸ் கட்டி, பிள்ளை மிச்சம் வச்ச இட்லிய வீணாக்கக் கூடாதுன்னு நின்னுகிட்டே வாயில போட்டு, அப்புறம் அவங்க பங்கையும் சாப்பிட்டு ஆபீஸ் ஓடுறவங்ககிட்ட போய் வாக்கிங் போங்கன்னா எப்படி போவாங்க? சாயங்காலம் அப்பா தோசை சுடட்டும், அம்மா பிள்ளையோட வெளிய போகட்டும். அஞ்சுல இருந்து பதினேழு வயசு வரைக்கும் தினமும் 60 நிமிஷம் உடம்பு அசையணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, நாம அடுத்த தெரு டியூஷனுக்கே வண்டியில கொண்டு போய் விடுறோம், ஸ்கூல்ல பிடி பீரியடையும் கணக்கு வாத்தியார் எடுத்துக்குறாரு.

தட்டுல சோறு குவிச்சு ஓரமா ஒரு கரண்டி பொரியல் வைக்கிறத பெரியவங்க தட்டுலயே முதல்ல மாத்துங்க. பொரியல் கூடட்டும், சோறு குறையட்டும், எல்லாருக்கும் ஒரே சாப்பாடு. பிள்ளைய டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறப்ப நீங்களும் எடை மெஷின்ல ஏறுங்க, இடுப்பு சுத்தளவையும் பாக்கச் சொல்லுங்க. நம்ம ஆளுங்களுக்கு ஆம்பளைன்னா 90 சென்டிமீட்டர், பொம்பளைன்னா 80, அதைத் தாண்டியிருந்தா சுகர் டெஸ்டும் அன்னைக்கே எழுதி வாங்கிடுங்க.