கிறிஸ்து அரசர் பெருவிழா எப்போது வந்தது?

திருவருகைக் காலத்துக்கு (கிறிஸ்துமஸுக்கு முன் வரும் தயாரிப்புக் காலம்) முந்தைய ஞாயிறில் கத்தோலிக்கர்கள் கிறிஸ்து அரசர் பெருவிழா கொண்டாடுவது திருத்தூதர்கள் காலத்திலிருந்தே வரும் வழக்கம் என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். இயேசுவை அரசராகப் போற்றுவது பழையதுதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் இந்தத் தனி விழா அவ்வளவு பழையதில்லை.

திருத்தந்தை பதினோராம் பயஸ் 1925 டிசம்பர் 11 அன்று வெளியிட்ட 'குவாஸ் ப்ரீமாஸ்' சுற்றுமடலில்தான் (திருச்சபை முழுவதற்கும் திருத்தந்தை எழுதும் கடிதம்) இதை ஏற்படுத்தினார். அப்போது அவர் குறித்த நாளும் வேறு: அக்டோபர் மாதத்தின் கடைசி ஞாயிறு, அதாவது நவம்பர் 1 புனிதர் அனைவர் பெருவிழாவுக்குச் சற்று முன்பு. அப்புறம் 1969இல் திருத்தந்தை ஆறாம் பவுல் காலத்து நாட்காட்டிச் சீர்திருத்தத்தில்தான் திருவழிபாட்டு ஆண்டின் கடைசி ஞாயிறுக்கு, அதாவது திருவருகைக் காலத்துக்கு முந்தைய ஞாயிறுக்கு, வந்தது.

சரிபார்ப்பது சுலபம். வத்திக்கான் இணையதளத்தில் அந்தச் சுற்றுமடல் முழுதாக இருக்கிறது. விழா நாள் பற்றிய பேச்சு கடைசிப் பக்கங்களில் வரும். வீட்டில் தாத்தா காலத்து லத்தீன் பூசைப் புத்தகம், 1969க்கு முந்தையது, இருந்தால் இன்னும் நல்லது. அக்டோபர் பக்கத்தைப் புரட்டுங்கள். பழைய முறையில் பூசை நடக்கும் இடங்களில் இன்றும் அக்டோபரில்தான் இந்த விழா.