எல்லா அப்டேட்டுக்கும் ரீபூட் தேவையில்லை
"லினக்ஸ் டெஸ்க்டாப்பிலும் இப்போது எந்த அப்டேட் போட்டாலும் ரீபூட் செய்தே ஆக வேண்டும்" என்று சிலர் எழுதுகிறார்கள். அது சரியில்லை. ஃபெடோரா என்ற லினக்ஸ் வகையில் க்னோம் சாஃப்ட்வேர் என்ற செயலி வழியாக சிஸ்டம் அப்டேட் போட்டால் ரீபூட் கேட்கும், உண்மைதான். ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களுக்கு அடியில் கோப்புகள் மாறி ஏதாவது பாதியில் உடைந்துவிடக் கூடாது என்பதற்காக அந்தச் செயலி எடுக்கும் முன்னெச்சரிக்கை அது. அதே அப்டேட்டை டெர்மினலில் (கட்டளைகளைத் தட்டும் சாளரம்) டிஎன்எஃப் என்ற நிறுவல் கருவி மூலம் போட்டால் ரீபூட் இல்லாமலே நிறுவி முடித்துவிடும்.

பல நிரல்கள் பகிர்ந்து பயன்படுத்தும் ஒரு லைப்ரரி புதுப்பிக்கப்பட்டால் வட்டில் புதிய கோப்பு வந்துவிடும், ஆனால் ஏற்கெனவே ஓடும் நிரல் பழையதையேதான் பிடித்துக்கொண்டிருக்கும். அந்த நிரலை மூடித் திறந்தால் போதும். ஃபயர்பாக்ஸ் தன்னை மட்டும் மறுபடி தொடங்கச் சொல்வது இதனால்தான். சிஸ்டத்தின் மையமான கெர்னல் மாறினால் விஷயம் வேறு, புதியது ஓட ரீபூட் வேண்டும். ஜிலிப்சி (அடிப்படை சி லைப்ரரி), டி-பஸ் (நிரல்கள் தங்களுக்குள் பேசும் வழி) போன்றவற்றை ஏறக்குறைய எல்லா நிரல்களும் பயன்படுத்துவதால் அங்கேயும் ரீபூட்தான் சுலபம்.

எது தேவை என்று ஊகிக்க வேண்டாம். டெபியன், உபுண்டு ஆகிய லினக்ஸ் வகைகளில் நீட்ரீஸ்டார்ட் என்ற கருவி, ஃபெடோராவில் டிஎன்எஃப்பின் நீட்ஸ்-ரீஸ்டார்ட்டிங் கட்டளை, இரண்டுமே எதையாவது மறுபடி தொடங்க வேண்டுமா என்று காட்டும். அப்புறம், இதைப் படித்துவிட்டு கெர்னல் பாதுகாப்புத் திருத்தம் வந்த பிறகும் வாரக்கணக்கில் ரீபூட்டைத் தள்ளிப்போடாதீர்கள், அதுவரை ஓட்டையுள்ள பழைய கெர்னல்தான் ஓடும்.